பெட்டியை மூட விடாதவர்

அவர் பக்கத்தில் நின்று பேசினால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், தோள்பட்டையைப் பார்ப்பார். அங்கே தையல் ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்திரியை எடுப்பார். நாம் சுதாரிப்பதற்குள் நறுக்கிவிடுவார். கல்யாண மாப்பிள்ளை, பஸ் கண்டக்டர், பேங்க் மேனேஜர் யாருக்கும் விலக்கு கிடையாது. ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு சாவு வீட்டில், இறந்தவர் மேல் போர்த்தியிருந்த கோடி வேட்டியின் ஓரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்து, பிசிறை வெட்டி, வெட்டியதைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். அதுவும் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து இறந்தவரின் மகன் அவரைக் கும்பிட்டான்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் முப்பது வருடமாகச் செக்கிங் பிரிவில் இருப்பவர். தைத்து முடித்த டிசர்ட்டை மேஜை மேல் விரித்து, கழுத்து, கை, விளிம்பு என்று தடவிப் பார்த்து, தவறு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்புகிற வேலை. தரம் பார்க்கிறவரை அங்கே க்யூசி என்பார்கள், அதனால் க்யூசி அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவரைப் பேர் சொல்லி அழைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நானும் இங்கே பேரை எழுதப்போவதில்லை.

அவர் எனக்குப் பழக்கமானது கம்பெனியில் இல்லை. நான் வேறொரு கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, பார்வையற்றவர்களுக்காக அச்சுப் புத்தகங்களைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அந்தக் குழுவைத் தொடங்கியவள் நான்தான். எதற்காகத் தொடங்கினேன் என்பது பெரிய கதை, அது இங்கே வேண்டாம். அனுப்பர்பாளையத்தில் மூடிக்கிடந்த ஒரு தையல் யூனிட்டின் மாடி எங்கள் இடம். கீழே பாத்திரப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்வோம். கணினி அந்தப் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும், மாற்றும்போது கண்டபடி உளறும். உளறலை நாங்கள் திருத்துவோம். தலைப்பு எது, பக்க எண் எது, அட்டவணையில் எந்த வரிசைக்கு எது சேர்த்தி என்று குறிப்போம். அதற்குப் பிறகு பார்வையற்றவர்களின் போன் அதைக் குரலாக வாசித்துக் காட்டும்.

வேலை பெருகியபோது கடைசியாக ஒரு பார்வை பார்க்க ஆள் தேவைப்பட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதியவள் நான். செக்கிங்கில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு நானே போய் அவரை அழைத்து வந்தேன். முதல் நாள் மாடியேறி வந்தவர், நாங்கள் முடித்து வைத்திருந்த ஒரு புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதை வைத்து இதைப் பாஸ் பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். படித்தால் புரிய வேண்டும், அதுதான் கணக்கு என்றேன்.

"புரிஞ்சாப் போதும்னா சட்டைக்குக் கை எதுக்குங்கம்மிணி, போத்திக்கலாமுங்களே" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் அவர் ஒரு பழைய செக்கிங் மேஜையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட் எரிகிற மேஜை. அதன் மேல்தான் இனி மடிக்கணினிகளை வைக்க வேண்டும் என்றார். சுவரில் ஒரு தாளை ஒட்டினார். எழுத்து மாறியிருந்தால் கறை. வரி விட்டுப்போயிருந்தால் ஓட்டை. கறையைக் கழுவிக்கொள்ளலாம், ஓட்டையை ஒன்றும் செய்ய முடியாது, அந்தப் பீஸ் ரிஜெக்ட். பக்கங்களை அச்செடுத்து அதன் மேல் சிவப்பு அம்புகளை ஒட்டினார். ஒரு பொறியியல் கல்லூரி மாணவி தன் பக்கங்களைத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டு, அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். நல்ல மனிதர்தான். வரும்போதெல்லாம் தேங்காய் பன் வாங்கி வருவார், பன்னையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

முதலில் அவரும் எல்லாப் பக்கத்தையும் பார்க்கவில்லை. கம்பெனி வழக்கப்படி பத்துக்கு ஒன்று எடுத்துப் பார்ப்பார். அது சரியாக இருந்தால் மொத்தமும் பாஸ். அப்படிப் போன ஒரு சமூக அறிவியல் பாடப் புத்தகம் பல்லடம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவருக்குச் சேர்ந்தது. அதில் ஆறுகளும் அணைகளும் கொண்ட ஓர் அட்டவணை. அணைகள் பத்தியின் தலைப்பு விட்டுப்போனதால் அணைகள் எல்லாம் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டன. ஆசிரியர் அதை அப்படியே நம்பி, மனதில் ஏற்றிக்கொண்டு வகுப்பில் நடத்தினார். பிள்ளைகள் கையில் அச்சுப் புத்தகம் இருந்தது. ஒரு பிள்ளையும் திருத்தவில்லை. அவர் ஒவ்வோர் ஆற்றின் மேலும் வேறோர் ஆற்றின் அணையைக் கட்டிக்கொண்டே போக, நாற்பது பிள்ளைகளும் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள். இரண்டு நாள் நடந்திருக்கிறது. மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் அந்த வகுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். கோபப்படவே இல்லை. இப்படி நடந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. க்யூசி அண்ணன் மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வைத்த பிறகு அந்த அட்டவணை இருந்த பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அவர் பார்க்காமல் விட்ட ஒன்பது பக்கங்களில் அது ஒன்று.

"நமக்குப் பத்தாயிரத்துல ஒரு பீஸுங்க. போட்டுக்கறவங்களுக்கு அது ஒண்ணுதானுங்களே" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பத்துக்கு ஒன்று போய், முழுப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவரே கேட்க ஆரம்பித்தார். பார்க்க மாட்டார், கேட்பார். வாசிக்கப்போகிறவர்களுக்கு இல்லாத கண் செக்கருக்கும் வேண்டாம் என்பார். சட்டையின் மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வலது கையை மேஜைக் கண்ணாடி மேல் வைத்து உட்கார்ந்திருப்பார். அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு நான் எதிரே. குரல் வாசித்துக்கொண்டே போகும். தவறு வந்தால் அவருடைய ஆள்காட்டி விரல் லேசாக எழும்பும், நான் நிறுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விரலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கனவில்கூட விரல் வந்தது.

ஒருமுறை ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு அடிக்குறிப்பு இடம் மாறியிருந்தது. அதை யார் செய்தாரோ அவர்தான் வந்து சரி செய்ய வேண்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தார். தொழிற்சாலையில் அப்படித்தான். தைத்தவரிடமே திருத்தித் தர ஆல்ட்டருக்குப் போகும், அப்போதுதான் கை திருந்தும். இங்கே யாரும் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை, வருவதே பெரிது என்று நான் சொல்லிப் பார்த்தேன். சம்பளம் இல்லாவிட்டால் தவறு தவறில்லையா என்று கேட்டார். அவரிடம் இப்படித்தான், எந்தக் கேள்விக்கும் நியாயமான பதில் இருக்கும், ஒரு வேலையும் நடக்காது.

ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். அவருடைய கம்பெனியிலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. அவசரச் சரக்கை எல்லாம் அவர் லீவு எடுக்கிற நாளில்தான் அனுப்புவார்களாம். அவர் லீவு எடுப்பது வருடத்துக்கு ஒரு முறை, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும்போது. எங்கள் பையன்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தைப்பூசத்தின்போது மூன்று புத்தகங்களை இணைய நூலகத்தில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வந்தவர் திருநீறும் பஞ்சாமிர்தமும் கொடுத்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றையும் கேட்டு முடித்து, நூலகத்துக்கு எழுதி, மூன்றையும் கீழே இறக்க வைத்தார். அதோடு ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். இப்போதெல்லாம் போனே படம் பிடித்துப் படித்துவிடுகிறது, இந்த வேலை எதற்கு என்று அவர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

மிச்சம் இருந்தது அவரைத் தவிர நாங்கள் நான்கு பேர். அப்போதுதான் ஜெயராணியின் புத்தகம் வந்தது.

ஜெயராணிக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே திருப்பூருக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் அந்தோணி ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தினான். அவளும் அங்கே டிசர்ட் மடித்துக்கொண்டிருந்தவள்தான். மடித்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தாள். அரசு வேலைத் தேர்வு எழுத ஆசைப்பட்டாள். அண்ணன் நல்லவன்தான், ஆனால் அவனுக்கும் கை வேண்டும். ஒரு வருடம் வேலைக்கு வர வேண்டாம், படி, தேறாவிட்டால் பேசாமல் மேஜைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வருடம்தான் அவள் கையில் இருந்தது. எல்லோரும் படிக்கிற வழிகாட்டி நூல் ஒன்று, ஐந்நூற்று நாற்பது பக்கம், பதினான்கு பாடம். ஒரு பக்கத்திலேயே இரண்டு பத்தி, நடுநடுவே கட்டம். போனை வைத்துப் படம் பிடித்தால் இந்தப் பத்தியில் பாதி வரியும் அந்தப் பத்தியில் பாதி வரியுமாகச் சேர்த்து வாசிக்கிறது என்று அவள்தான் எங்களைத் தேடி வந்தாள்.

வைகாசியில் ஆரம்பித்தோம். தேர்வு மாசிக் கடைசியில். நிறைய நாள் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மார்கழியில் பன்னிரண்டு பாடம் முடிந்து, கேட்டு, பாஸ் ஆகியிருந்தது. பதினான்காவது என் கையில், முடியும் தறுவாயில். ஒன்பதாவது பாடம், பொருளாதாரம், முழுக்க அட்டவணை. அதைச் செய்தவள் சாத்தூர்ப் பெண் ஒருத்தி. பாதிப் பக்கங்களில் அம்பு ஒட்டித் திரும்பி வந்தபோது அவளுக்கு நிறைமாதம், ஊருக்குப் போய்விட்டாள். க்யூசி அண்ணன் அம்பு ஒட்டிய தாள்களைப் பார்சலில் சாத்தூருக்கு அனுப்பி வைத்தார். நான் போன் செய்தேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பார்சலைப் பிரிக்கவே இல்லை அக்கா, நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்றாள். அதை அவரிடம் சொன்னேன். உடம்பு தேறட்டும், செய்வார்கள் என்றார். அந்தப் பெண் இனி ஒரு பக்கமும் செய்யப்போவதில்லை, அவள் கை திருந்தி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கத்தினேன். முறை என்று ஒன்று இருக்கிறது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஜெயராணி வந்தாள். அண்ணி கையைப் பிடித்து மாடி ஏறி வந்து, செக்கிங் மேஜையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இந்த மேஜை எனக்குத் தெரியும் என்று சிரித்தாள். பிறகு, முடிந்த பன்னிரண்டு பாடத்தையாவது கொடுத்தால் படிக்க ஆரம்பித்துவிடுவேன் என்றாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாதிப் பெட்டி அனுப்பக் கூடாது கண்ணு" என்றார். "பாதி போயிருச்சுன்னா மீதிய ஒருத்தரும் முடிக்க மாட்டாங்க. முப்பது வருசமாப் பாக்கறேன். முழுசாத் தர்றேன்."

அவள் கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, தப்போட தந்தாலும் பரவால்ல. எது தப்புன்னு எனக்குப் பிடிபடும். எங்களுக்கு எல்லாமே தப்போடதான் வருது. நாங்களே சரி பண்ணிக் கேட்டுக்கிடுவோம்."

"அப்படிப் பழகிக்கக் கூடாது கண்ணு."

பார்வையற்ற ஒருவரிடம் இத்தனை மரியாதையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஒன்பதாம் பாடத்தை அது படித்துக் காட்டுமா? அவள் சரி அண்ணாச்சி என்று எழுந்துகொண்டாள். அண்ணி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் படியிறங்கி அவர்களோடு வாசல் வரை போய்த் திரும்பினேன்.

தை பிறந்தது. அவர் மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடந்தார். நான்கு நாள். மடிக்கணினி என் வீட்டில், பன்னிரண்டு பாடமும் அதில். ஜெயராணியின் எண் என் போனில். அனுப்பிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். பல்லடம் ஆசிரியரின் குரல் காதில் வந்தது. அதோடு, மூன்று புத்தகமும் திரும்பி வந்த கூத்தையும் பார்த்திருந்தேன். அதனால் நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். அலுவலகத்துக்கு லீவு போட்டு, நான்கு நாள் உட்கார்ந்து, ஒன்பதாம் பாடத்தை நானே திருத்தி முடித்தேன். அவர் வந்ததும், சாத்தூரிலிருந்து வந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பெற்ற உடம்போடு செய்து அனுப்பியிருக்கிறாள் பாருங்கள் என்று மற்ற இரண்டு பேரிடமும் சொன்னார். முருகன் கண்ணைத் திறந்துவிட்டான் என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்க உட்கார்ந்தார்.

மூன்றாவது அட்டவணையில் விரல் எழுந்தது. நிறுத்தினேன். தவறு ஒன்றும் இல்லையே என்றேன்.

"தப்பில்லீங்க. இது அந்தப் பொண்ணு கையில்லீங்களே."

சாத்தூர்ப் பெண் எந்த அட்டவணையையும், இதில் இத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லித்தான் தொடங்குவாளாம். நான் அப்படிச் செய்யவில்லை. எந்த டெய்லர் தைத்தது என்று தையலைப் பார்த்துச் சொல்கிறவரிடம் என் கெட்டிக்காரத்தனம் எடுபடுமா. ஆமாம், நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, முதல் பாடத்தின் முதல் பக்கத்தை எடுக்கச் சொன்னார்.

பாஸ் ஆன பன்னிரண்டு பாடத்தை எதற்காக மறுபடியும் கேட்க வேண்டும் என்றேன். ஒரு பாடத்தில் தனக்குத் தெரியாமல் கை மாறியிருந்தால், மற்றதில் மாறவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார். சாமி சத்தியமாக மாறவில்லை என்றேன். என்னை நம்புங்கள் என்றேன். தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது என்றேன்.

"நம்பிக்கையெல்லாம் ஊட்டுல வெச்சுக்கலாமுங்கம்மிணி. மேஜை மேல வேண்டாமுங்க" என்றார்.

அவரும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதாது என்று தினமும் வந்தார். வேலை முடிந்து நேராக வந்து, கண் வீங்க உட்கார்ந்து கேட்டார். பஸ்ஸிலும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். ஐந்தே கால் மணிக்கு வந்தால் நான் வரும்வரை அச்சுப் பிரதியைத் தானே திருப்பிக்கொண்டிருப்பார். அவள் தேற வேண்டும் என்று என்னைவிட அவர்தான் அதிகம் ஆசைப்பட்டார். தேர்வு நெருங்கியபோது இன்னும் நூற்று இருபது பக்கம் பாக்கி. அப்போதும் நான் அனுப்பியிருக்கலாம். ஏன் அனுப்பவில்லை என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு முறை பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டேன், அவர் பார்வையில் மறுபடியும் நல்லவளாக வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். ஒரு பெண்ணின் வருடத்தைவிட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

ஜெயராணி அண்ணியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போய்த் தேர்வு எழுதினாள். அண்ணிக்கு ஞாயிறு ஒரு நாள்தான் நேரம். ஐந்து பாடம் வரை கேட்டிருந்தாளாம். தேர்வு முடிந்த புதன்கிழமை புத்தகமும் முடிந்தது. க்யூசி அண்ணன் அதை ஒரு மெமரி கார்டில் போட்டு, அவள் வீட்டுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். முடிவு வந்தபோது அவள் பெயர் பட்டியலில் இல்லை. புத்தகம் கையில் இருந்திருந்தாலும் தேறியிருக்க மாட்டாளோ என்னவோ. அதை இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தோணி சொன்ன சொல் மாறாதவன். அடுத்த திங்கட்கிழமை அவள் மேஜைக்குப் போய்விட்டாள். எங்கள் மாடிக்கும் ஆள் வருவது நின்றுபோயிற்று. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆடியில் ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து போன்.

"அம்மிணி, ஒரு தப்பு வெளிய போயிருச்சுங்க."

முந்நூற்று நாற்பத்தோராம் பக்கம். சும்மா பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்தபோது பிடித்தாராம். ஓர் அட்டவணையில் ஒரு வரிசையே இல்லை. ஒன்பதாம் பாடம், நான் திருத்தியது. நீங்கள் செய்தது என்று அவர் சொல்லவில்லை. தானும் கேட்டுவிட்டுத்தானே விட்டேன் என்று சொன்னார். சரி செய்து புதுக் கார்டில் போட்டுவிட்டதாகவும், அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும் என்றும், கம்பெனி எங்கே என்று தெரியுமா என்றும் கேட்டார். இனி அது யாருக்கு வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் ஸ்கூட்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.

பேக்கிங் ஹாலில் பத்துப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வடக்கத்திப் பிள்ளைகள், அவர்கள் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயராணி சாப்பிட்டு முடித்து மேஜைக்கு வந்துவிட்டிருந்தாள். அட்டையை வைத்து மடித்து, தடவி, கவரில் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் பாட்டு. எங்கள் குரலைக் கேட்டதும் உடனே அடையாளம் தெரிந்துகொண்டு, வாங்க அண்ணாச்சி, வாங்கக்கா என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். கை நிற்கவில்லை.

அவர் கார்டை எடுத்தார். விஷயத்தைச் சொன்னார். முந்நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது, எங்கள் தவறு, மன்னிக்க வேண்டும், இதில் சரியாக இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொள் என்றார். கம்பெனி முதலாளி முன்னால் நிற்பது போல நேராக நின்று சொன்னார்.

அவள் முதலில் எந்தப் புத்தகம் என்று கேட்டாள். பிறகு ஞாபகம் வந்தது.

"அத அப்பவே அழிச்சிட்டேன் அண்ணாச்சி. போன்ல இடம் இல்ல, பாட்டு ஏத்த முடியல."

"படிச்சுட்டா கண்ணு அழிச்சே?"

"இல்ல அண்ணாச்சி. மொதப் பாடம் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. பொறவு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் குறை எதுவும் இல்லை. எங்களுக்கு வருத்தமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, ரொம்ப நல்லா இருந்துச்சு என்பதை இன்னொரு முறை சொன்னாள். அவர் கார்டை நீட்டியபடி நின்றார். அவளுக்கு அது தெரிய வழியில்லை. அவர் அதை மேஜை மேல் வைத்துவிட்டு, இங்கே வைத்திருக்கிறேன் கண்ணு என்றார். சரி அண்ணாச்சி என்றாள். மணி அடித்தது. அந்தோணி தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தான், பக்கத்தில் வரவில்லை. நாங்கள் வெளியே வந்தோம்.

வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். இந்த மனிதருக்கு இப்போதாவது உறைத்திருக்கும், இப்போதாவது ஏதாவது சொல்வார், நானும் என் பங்குக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று காத்துக்கொண்டே ஓட்டினேன். ரயில்வே பாலத்தைத் தாண்டியதும் என் தோளுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னார்.

"மொதப் பாடத்தோட நிறுத்திருச்சாமுங்கம்மிணி. அந்தத் தப்பு புள்ள காதுக்குப் போகவே இல்லீங்க. அதுவரைக்கும் நல்லதாப் போச்சுங்க."

வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் குரலில் அத்தனை நிம்மதியை அதற்கு முன் நான் ஒருநாளும் கேட்டதில்லை.